பவுலிங் லீக் கணக்கு உன் தலையில் விழுந்திருச்சா? அக்கா சொல்றேன், கேளு

பவுலர்னு சொன்னதும் நம்ம சேலத்துக்காரங்களுக்குச் சின்னப்பம்பட்டி நடராஜன் முகம்தான் கண்ணு முன்னாடி வரும். 2020-ல் வாழப்பாடிப் பக்கம் கிரிக்கெட் மைதானம் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். நான் இங்கே பேசப்போறது வேற பவுலிங். கனமான பந்தை உருட்டிவிட்டு, 60 அடி தள்ளி நிக்கிற பத்து பின்னைச் சாய்க்கிற ஆட்டம். எங்க ஊர் அயோத்தியாப்பட்டணத்தில் அதுக்கு இடம் கிடையாது. இங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைங்க ஆஃபீஸ் லீக்னு சேர்ந்து வாரா வாரம் ஆடுறாங்க. நானும் சென்னையில் வேலை பார்த்த காலத்தில் ஆடினேன். ஆடினதைவிட ஸ்கோர் எழுதினதுதான் அதிகம்.

போன தீபாவளிக்கு வந்த தம்பி மகன், முறுக்கு சாப்பிடுற கையோட லேப்டாப்பைத் திறந்து வெச்சு, "அத்தை, இந்த ஹேண்டிகேப் கணக்கு போடுற வேலையை எங்கிட்ட தள்ளிட்டாங்க. எப்படிப் போட்டாலும் யாராவது ஒருத்தர் சண்டைக்கு வர்றாங்க"ன்னு உட்கார்ந்துட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் உனக்கும் சொல்றேன். உனக்கும் நேரமில்லைன்னு தெரியும். கதையை ஓரம் கட்டிட்டு, பண்ற தப்பை மட்டும் முதல்ல நிறுத்து.

ஹேண்டிகேப்னா என்னன்னு ரெண்டு வரியில் முடிச்சிடுறேன். குதிரைப் பந்தயத்தில் நல்லா ஓடுற குதிரைமேல் கூடுதல் எடை ஏத்துவாங்க, மத்த குதிரைக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கட்டும்னு. பவுலிங்கில் எடை ஏத்துறதுக்குப் பதிலா, சராசரி குறைஞ்சவங்களுக்கு ஆட்டத்துக்கு இத்தனை பின்னுன்னு சும்மா கூட்டிக் கொடுக்கிறாங்க. ஒரு அடிப்படை எண்ணை வெச்சுக்குவாங்க, 220ன்னு வை. அதிலிருந்து உன் சராசரியைக் கழிச்சு, வர்ற எண்ணில் 80, 90, இல்லை 100 சதவீதம். அதுதான் உன் ஹேண்டிகேப். இதில் புரியாம போறதுக்கு ஒண்ணும் இல்லை. சண்டை வர்ற இடமே வேற.

1. ஒரே எண்ணைக் காட்டி மூணு கேள்விக்குப் பதில் சொல்லாதே

எல்லாரும் பண்ற முதல் தப்பு இதுதான். ஹேண்டிகேப் சேர்த்த மொத்தத்தை வரிசையா அடுக்கி, "இதோ நம்ம லீக்கின் சிறந்த பவுலர்"னு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுடுறது. போட்ட அஞ்சு நிமிஷத்தில் நல்லா ஆடுறவர் குரூப்பை விட்டு வெளியே போயிருப்பார்.

ஒரு ராத்திரி கணக்கைக் காட்டுறேன், காகிதம் பேனா எடுத்துக்கோ. மூணு பேர். கணக்குப் பிரிவு அண்ணனுக்குச் சராசரி 185. அவர் கையில் சொந்தப் பந்து, சொந்த ஷூ எல்லாம் உண்டு. ரெண்டாவது ஆள் நடுவாந்திரம், சராசரி 148. மூணாவது, நடுவில் வந்து சேர்ந்த தங்கச்சி. சராசரி 112. அடிப்படை 220, 90 சதவீதம்னு வெச்சா அண்ணனுக்கு ஹேண்டிகேப் 31, நடுவாந்திரத்துக்கு 64, தங்கச்சிக்கு 97.

அன்னைக்கு ஆளுக்கு மூணு ஆட்டம். அண்ணன் 178, 191, 180, மொத்தம் 549. நடுவாந்திரம் 150, 139, 166, மொத்தம் 455. தங்கச்சி 121, 98, 135, மொத்தம் 354.

இப்ப பாரு. சாய்ஞ்ச பின்னை மட்டும் எண்ணினா அண்ணன்தான் முதல், பக்கத்தில் யாரும் இல்லை. ஹேண்டிகேப்பைச் சேர்த்தா அண்ணன் 642, தங்கச்சி 645, நடுவாந்திரம் 647. அப்ப நடுவாந்திரம் முதல். அவங்கவங்க சொந்தச் சராசரியைவிட எவ்வளவு கூட ஆடினாங்கன்னு பார்த்தா, அண்ணன் 6 பின் குறைவு, நடுவாந்திரம் 11 கூடுதல், தங்கச்சி 18 கூடுதல். அப்ப தங்கச்சி முதல்.

ஒரே ராத்திரி, ஒரே லேன், மூணு முதலிடம். மூணுமே உண்மை. நம்ம பக்கம் மரவள்ளிக் கிழங்கு ஏத்தி ஜவ்வரிசி ஆலைக்குப் போனவங்களுக்கு இது உடனே விளங்கும். வண்டியில் எவ்வளவு எடைங்கிறது ஒரு கேள்வி. கிழங்கில் மாவுச் சத்து எத்தனை பாயிண்ட்ங்கிறது வேற கேள்வி. கையில் எவ்வளவு பணம் வந்ததுங்கிறது மூணாவது கேள்வி. எடைச் சீட்டைக் காட்டிப் பாயிண்ட்டுக்குச் சண்டை போட்டா ஆலைக்காரர் சிரிப்பார்.

அதனால மூணு பட்டியல் வை, மூணுக்கும் தனித் தலைப்புக் கொடு. யார் திறமைசாலின்னு கேட்டா, ஹேண்டிகேப் சேர்க்காத சராசரி. லீக்கில் அதை ஸ்க்ராட்ச்னு சொல்வாங்க. யார் ஜெயிச்சதுன்னு கேட்டா, ஹேண்டிகேப் சேர்த்த மொத்தம். யார் இந்த வாரம் நல்லா ஆடினதுன்னு கேட்டா, சொந்தச் சராசரிக்கு மேல் எத்தனை பின். எக்செல்லில் மூணு நெட்டு வரிசை அதிகமாகும், அவ்வளவுதான்.

2. ஹேண்டிகேப் சேர்த்த சராசரியை வெச்சு ஆளை எடை போடாதே

மேலே சொன்னதோட ஒட்டினதுதான், இருந்தாலும் தனியாச் சொல்லணும். படிச்ச பிள்ளைங்களே இதில் விழுறாங்க. சீசன் முடிவில் "ஹேண்டிகேப் சராசரி"ன்னு ஒரு பட்டியல் போடுவாங்க. 90 சதவீதக் கணக்கில் 185 ஆடுறவருக்கு அது 216. 112 ஆடுறவளுக்கு 209. நிஜத்தில் 73 பின் வித்தியாசம், பட்டியலில் வெறும் 7. 100 சதவீதம் வெச்சா எல்லாருக்கும் 220 பக்கத்திலேயே வந்து நிக்கும். ஆட்களைச் சமமாக்குறதுக்குன்னே போட்ட கணக்கு அது. சமமாக்கிட்டு, அப்புறம் அதில் யார் பெரியவர்னு தேடினா என்ன கிடைக்கும்? புளியைக் கரைச்சு ஊத்திட்டுக் கொட்டை எங்கேன்னு தேடுற மாதிரி.

3. சதவீதத்தை முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டு

சண்டையின் வேர் இங்கேதான் இருக்கு. அதனால கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம்.

மேலே சொன்ன அதே மூணு பேர், அதே ஸ்கோர். 90 சதவீதத்தில் நடுவாந்திரம் ஜெயிச்சாரா? 80 சதவீதம் போடு. ஹேண்டிகேப் 28, 57, 86 ஆகும். மொத்தம் அண்ணன் 633, நடுவாந்திரம் 626, தங்கச்சி 612. அண்ணன் ஜெயிச்சார். 100 சதவீதம் போடு. 35, 72, 108. மொத்தம் அண்ணன் 654, நடுவாந்திரம் 671, தங்கச்சி 678. இப்ப தங்கச்சி ஜெயிச்சுட்டா.

பந்தை யாரும் திரும்ப உருட்டலை. சதவீதத்தை மாத்தினதும் ஜெயிச்ச ஆள் மாறிட்டார். இதைத் தெரிஞ்சுக்கிட்டவர் உன் லீக்கில் ஒருத்தர் இருந்தா போதும், மூணாவது வாரத்தில் மெதுவா வந்து, "80 வெச்சுக்கலாமே, அதுதானே நியாயம்"பார். ஏன் சொல்றார்னு அவர் சராசரியைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். சீசன் ஓடிக்கிட்டிருக்கும்போது சதவீதத்தில் கை வைக்காதே. யார் கேட்டாலும், மேனேஜரே கேட்டாலும், "அடுத்த சீசனில் பார்க்கலாம் சார்"னு சொல்லு.

எது நல்லதுன்னு கேட்டா, ஆஃபீஸ் லீக்குக்கு என் ஓட்டு 90-க்கு. 100 வெச்சா பல வருஷம் பழகினவருக்கு அவர் உழைப்புக்கு ஒரு பின்கூட மிஞ்சாது. 80 வெச்சா புதுசா வந்தவங்களுக்கு ரெண்டு மாசத்தில் மனசு விட்டுப்போயிடும், ஆட்ட நாள் வந்தா தலைவலின்னு லீவு சொல்வாங்க. 90-ல் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு நல்லா ஆடுறவர் கையில் இருக்கும். அது போதும்.

4. அடிப்படை எண்ணுக்கு அடிச்சுக்காதீங்க

200 வைக்கலாமா, 220 வைக்கலாமான்னு ஒரு மணி நேரம் மீட்டிங் போட்டதை என் கண்ணால் பார்த்திருக்கேன். வீண். அடிப்படையை 20 கூட்டினா எல்லாருக்கும் ஒரே அளவுதான் கூடும், அவங்களுக்குள்ள இடைவெளி அப்படியே இருக்கும். 90 சதவீதத்தில் ஆளுக்கு 18.

ஒரே ஒரு விஷயம் பாரு. லீக்கில் இருக்கிற உசந்த சராசரியைவிட அடிப்படை மேலே இருக்கணும். 200 வெச்சுட்டு, 208 ஆடுறவர் ஒருத்தர் வந்தா அவருக்கு ஹேண்டிகேப் பூஜ்யம்தான், கழிக்க மாட்டாங்க. அந்த எட்டுப் பின் அவருக்கு இலவசம். 220 வை, பேச்சு முடிஞ்சது.

5. பின்னத்தை வெட்டு

சராசரி 112.67 வந்தா 112. ஹேண்டிகேப் 64.8 வந்தா 64. புள்ளிக்குப் பின்னால் இருக்கிறது போகட்டும். பல லீக்கில் இப்படித்தான். எக்செல்லில் ரவுண்ட் ஃபார்முலா போடாதே, இன்ட் போடு. ஒருத்தருக்கு மேலே ஏத்தி, இன்னொருத்தருக்குக் கீழே இறக்கினா ஒத்தைப் பின்னில் தோத்தவர் அதைக் கண்டுபிடிச்சே தீருவார். எனக்கு நடந்திருக்கு. அன்னைக்கு வாங்கின பேச்சு இன்னும் காதில் இருக்கு.

6. மூணு ஆட்டத்தைப் பார்த்து ஜாதகம் எழுதாதே

புதுசா சேர்ந்த தங்கச்சியின் முதல் வாரம் 90, 131, 115. கூட்டிப் பாரு, 336. சராசரி 112. ஆனா இந்த 112-ம், முப்பது ஆட்டம் ஆடி 112 வெச்சிருக்கிறவரோட 112-ம் ஒண்ணா? நாளைக்கு ரெண்டு பேரும் ஒரு ஆட்டத்தில் 160 அடிச்சா, தங்கச்சியின் சராசரி 124-க்குத் தாவும். மத்தவருக்கு 113-தான் ஆகும்.

அதனால சிறந்த பவுலர் பட்டியலில் பேர் வரணும்னா குறைஞ்சது 12 ஆட்டம், அதாவது நாலு வாரம் ஆடியிருக்கணும்னு வை. அமெரிக்காவில் ஒருத்தர் சராசரியை முறைப்படி ஏத்துக்க 21 ஆட்டம் கேட்கிறாங்க. ஆஃபீஸ் லீக்குக்கு அவ்வளவு வேண்டாம், சீசனே முடிஞ்சுடும். பட்டியலில் பேருக்குப் பக்கத்தில் எத்தனை ஆட்டம்னு கட்டாயம் போடு. அந்த ஒரு எண் இல்லாத பட்டியலை நான் நம்புறதே இல்லை.

7. வாரா வாரம் திருத்து, சோம்பல்படாதே

"மாசத்துக்கு ஒருக்கா போட்டுக்கலாம்"னு தள்ளிப் போடுறதுதான் ஆபத்து. புதுசா ஆடுறவங்க வேகமா ஏறுவாங்க. தங்கச்சி ரெண்டாவது வாரம் 354 அடிச்சாளா? ஆறு ஆட்டத்தில் 690, சராசரி 115. அடுத்த வாரம் அவ ஹேண்டிகேப் 97 கிடையாது, 94. அண்ணன் முப்பது ஆட்டத்தில் 185-ல் இருந்தவர், அந்த மந்தமான ராத்திரிக்குப் பிறகு 184. அவருக்கு 31-ஆ இருந்த ஹேண்டிகேப் 32 ஆகும். நடுவாந்திரத்துக்கு மாத்தமே இல்லை. மொத்த வேலை பத்து நிமிஷம். பழைய ஹேண்டிகேப்போட நாலு வாரம் விட்டா, ஏறிக்கிட்டிருக்கிற ஆள் வாரம் தவறாம ஜெயிப்பார். மத்தவங்க உன்னைத்தான் திட்டுவாங்க.

8. பதுங்குறவங்களைக் கண்டுபிடி, ஆனா வாய் திறந்து பழி போடாதே

எந்த லீக்கிலும் ஒரு புண்ணியவான் இருப்பார். முதல் சில ஆட்டத்தில் வேணும்னே பந்தை லேன் ஓரக் கால்வாயில் விட்டுச் சராசரியை இறக்குவார். பரிசு வாரத்தில் திடீர்னு அருள் வந்த மாதிரி அடிப்பார். கேட்டா, "இன்னைக்குக் கை நல்லா வந்துச்சு அக்கா"ன்னு சிரிப்பு வேற.

நேரே போய் "ஏமாத்துறே"ன்னு சொல்லிடாதே கண்ணு. அதை உன்னால் நிரூபிக்க முடியாது, உறவும் கெடும். விதியை வெச்சுக் கட்டிப் போடு. பல லீக்கில் ஒரு விதி இருக்கு. போன சீசன் முடிவில் இருந்த சராசரியிலிருந்து 10 பின்னுக்கு மேல் யாருக்கும் இறக்கக் கூடாது. போன வருஷம் 160-ல் முடிச்சவர் இந்த வருஷம் 135 ஆடினாலும், ஹேண்டிகேப் 150-க்குத்தான். கையில் அடிபட்டவங்களுக்கு மட்டும் விலக்கு கொடு.

கோல்ஃப்காரங்க இதில் கெட்டிக்காரங்க. 2020-லிருந்து உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறையைக் கொண்டுவந்தாங்க. கடைசி 20 சுற்றில் நல்லா ஆடின 8-ஐ மட்டும்தான் எடுக்கிறாங்க. ஒண்ணு ரெண்டு நாள் வேணும்னே மோசமா ஆடினா அது கணக்கிலேயே வராது. பவுலிங்கில் எல்லா ஆட்டமும் சராசரியில் சேருது, அதனாலதான் பதுங்க இடம் கிடைக்குது. உனக்குச் சந்தேகம் இருந்தா ஒவ்வொருத்தருக்கும் உசந்த ஆட்டம் எது, தாழ்ந்த ஆட்டம் எதுன்னு ரெண்டு நெட்டு வரிசை சேர்த்துக்கோ. 130 சராசரி ஆள் பரிசு இல்லாத வாரத்தில் 95-ம் பரிசு வாரத்தில் 205-ம் அடிக்கிறாரான்னு அது தானாச் சொல்லும். நீ பேசவே வேண்டாம்.

9. ரெண்டு இடத்துச் சராசரியை ஒண்ணா வெச்சு ஒப்பிடாதே

"நான் பழைய கம்பெனியில் 170 ஆடினேன்"னு ஒருத்தர் வருவார். ஆடியிருப்பார், பொய் கிடையாது. லேன் மரப் பலகை மாதிரி பளபளன்னு தெரியுதே, அதுமேல் எண்ணெய் பூசியிருப்பாங்க. முன்பக்கம் ஏறத்தாழ 40 அடிக்கு எண்ணெய், பின்பக்கம் காய்ஞ்சது. எண்ணெயில் பந்து வழுக்கிப் போகும், காய்ஞ்ச இடத்தில் பிடிச்சுத் திரும்பும். எண்ணெயை எங்கே எவ்வளவு பூசுறாங்கங்கிறதைப் பொறுத்து ஒரே ஆளுக்கு 15, 20 பின் வித்தியாசம் சாதாரணமா வரும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆடுறவங்களுக்கும் ராத்திரி ஒன்பதுக்கு ஆடுறவங்களுக்கும் ஒரே லேன்கூட ஒண்ணா இருக்காது. ஆட ஆட எண்ணெய் கலைஞ்சுடும். நம்மில் பெரும்பாலானவங்க வலது கை என்பதால் வலது பக்கம் சீக்கிரம் தேயும். இடது கைக்காரர் ஒருத்தர் கடைசி ஆட்டத்திலும் அசராம அடிக்கிறாரா? அவர் பக்கத்து எண்ணெய் இன்னும் பெருசாக் கலையலை. அதுக்காக அவர்மேல் பொறாமைப்படாதே, அடுத்த வாரம் நேரத்தையும் லேனையும் மாத்திச் சுத்தி விடு. புதுசா வர்றவர் கொண்டுவர்ற பழைய சராசரியை எடுத்துக்காதே, உன் லீக்கில் முதல் மூணு ஆட்டம் ஆடட்டும், அதை வெச்சு ஹேண்டிகேப் போடு.

10. பொம்பளைப் பிள்ளைங்களுக்குத் தனியா 'கன்செஷன்' போடாதே

நல்ல மனசோடதான் சொல்வாங்க, "லேடீஸுக்கு எக்ஸ்ட்ரா 10 பின் கொடுத்துடலாம்"னு. வேண்டாம். ஹேண்டிகேப் அவங்கவங்க சொந்தச் சராசரியிலிருந்து வருது, அதிலேயே எல்லாம் அடங்கிடுச்சு. மறுபடியும் கொடுத்தா ரெண்டு தடவை கொடுத்த மாதிரி. ஜெயிச்ச பிள்ளைக்கும் அது மரியாதை இல்லை.

சராசரி பார்க்காம எல்லாரும் ஒண்ணா ஆடுற சில சர்வதேசப் போட்டிகளில் பெண்களுக்கு ஆட்டத்துக்கு 8 பின் கொடுக்கிற வழக்கம் உண்டு. அது வேற கணக்கு, அங்கே சராசரியை வெச்சுப் போடுற ஹேண்டிகேப் கிடையாது. அதுகூட வேண்டாம்னு காட்டினவங்களும் இருக்காங்க. 2010 ஜனவரியில் அமெரிக்காவில் கெல்லி குலிக்னு ஒரு பெண், ஆண்களோட சேர்ந்து ஆடின 'டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' இறுதி ஆட்டத்தில் கிறிஸ் பார்ன்ஸை 265-க்கு 195-னு தோற்கடிச்சாங்க. உன் ஆஃபீஸில் யாராவது கன்செஷன்னு ஆரம்பிச்சா இதைச் சொல்லு.

11. வராதவருக்கு ஸ்கோர் போடு, தனிப் பட்டியலில் போடாதே

அணி அணியா ஆடுற லீக்கில் ஒருத்தர் லீவுன்னா அவர் சராசரியிலிருந்து 10 கழிச்சு அணிக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். சரி. ஆனா அந்த எண் அவரோட சொந்தச் சராசரிக்குள்ள நுழையக் கூடாது. ஆடாத ஆட்டத்துக்கு எதுக்கு மார்க்கு? அதே மாதிரி, ஓரத்தில் தடுப்புக் கம்பி தூக்கி விட்டு ஆடின ஸ்கோரும், குழந்தையைக் கூட்டிட்டு வந்து அது ரெண்டு பந்து உருட்டின ஸ்கோரும் சேராது.

12. நிஜமா ஒருத்தரை வளர்க்கணும்னா ரெண்டாவது பந்தை எண்ணு

சராசரி, ஹேண்டிகேப் எல்லாம் எழுதி முடிச்ச பிறகு நேரமிருந்தா இதையும் பாரு. எனக்கு இதுதான் பிடிச்ச கணக்கு. ஒரு ஆட்டத்தில் பத்து ஃப்ரேம். ஒருத்தர் ஒவ்வொரு தடவையும் முதல் பந்தில் 9 பின் சாய்க்கிறார், ரெண்டாவது பந்தில் மிச்ச ஒண்ணை விட்டுடுறார். அவர் ஸ்கோர் 90. இன்னொருத்தரும் முதல் பந்தில் 9-தான், ஆனா ரெண்டாவதில் அந்த ஒத்தைப் பின்னைத் தவறாம எடுத்துடுறார். அதுக்குப் பேர் ஸ்பேர். ஸ்பேர் எடுத்தா அடுத்த பந்தில் விழுறதும் கூடச் சேரும். கடைசியில் கிடைக்கிற கூடுதல் பந்திலும் 9 அடிச்சா இவர் ஸ்கோர் 190. ஒரு ஸ்ட்ரைக்கூட இல்லாம நூறு பின் வித்தியாசம்!

எல்லாரும் முதல் பந்தில் பத்தும் விழணும்னு பலம் கொண்ட மட்டும் வீசுறாங்க. ஸ்ட்ரைக் விழுந்தா குதிச்சு, கைதட்டி, ஸ்டேட்டஸ் போடுறாங்க. சராசரி ஏறுறது பெரும்பாலும் மிச்சம் நிக்கிற ஒண்ணு ரெண்டு பின்னில்தான். அதனால ரெண்டு பேருக்கும் சராசரி 140-னு இருந்தா, யார் எத்தனை ஃப்ரேமை முடிக்காம விட்டாங்கன்னு எண்ணு. விடுறது குறைவா இருக்கிறவர்தான் கை நிதானமானவர். அணியில் கடைசி ஆளா அவரை நிறுத்து. நம்ம தமிழ்நாட்டு ஷபீர் தன்கோட் மாதிரி தேசிய சாம்பியன் பட்டம் வாங்கினவங்க ஆட்டத்தைக் கிடைச்சா பாரு. முதல் பந்தைவிட ரெண்டாவது பந்துக்கு அவங்க நிக்கிற இடத்தைக் கவனி. தேசியப் போட்டியில் ஹேண்டிகேப் கிடையாது, விழுந்த பின்தான் கணக்கு. ஒத்தைப் பின்னை விட்டுட்டு வர முடியாது.

13. பரிசைப் பிரிச்சுக் கொடு

உசந்த ஸ்க்ராட்ச் சராசரி, உசந்த ஹேண்டிகேப் ஆட்டம், ஹேண்டிகேப் சேர்த்த உசந்த மூணு ஆட்ட மொத்தம், சீசன் தொடக்கத்திலிருந்து அதிகம் முன்னேறினவர். நாலு பரிசு போதும். ஒருத்தருக்கு ஒண்ணுதான்னு முதலிலேயே சொல்லிடு. முன்னேறினவர் பரிசுக்கு முதல் மூணு ஆட்டத்தை எடுக்காதே, முதல் 12-ஐ எடு, இல்லாட்டி பதுங்கினவர் இங்கேயும் வந்து நிப்பார். கோப்பைக்குப் பதிலா எவர்சில்வர் டப்பா கொடு. வீட்டுக்குப் போனா அம்மா பத்திரமா வெச்சுக்குவாங்க.

இவ்வளவையும் எழுதிக் கொடுத்த பிறகு தம்பி மகன் கேட்டான், "இதையெல்லாம் ஒரு ஆப் பண்ணிடாதா அத்தை?" பண்ணும்டா. சதவீதத்தை எத்தனைன்னு நீ சொன்னா பண்ணும். 80-னு சொன்னா அண்ணனை ஜெயிக்க வைக்கும், 100-னு சொன்னா தங்கச்சியை ஜெயிக்க வைக்கும். எது வேணும்னு அதுக்குத் தெரியாது, நீங்கதான் உட்கார்ந்து முடிவு பண்ணணும்.

இன்னொண்ணு, மறந்துடாதே. மூணாவது ஆட்டம் முடிஞ்சு ஷூவைக் கழட்டுறதுக்கு முன்னாடி மேலே இருக்கிற ஸ்கோர் திரையை ஃபோட்டோ எடுத்துக்கோ, ஃப்ரேம் எல்லாம் தெரியுற மாதிரி. அடுத்த ஆள் பேரை அடிச்ச நொடியில் உங்க ஸ்கோர் திரையை விட்டுப் போயிடும்.